பின் சீட்டின் இடது பக்கம்

செம்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். காரின் முன்விளக்குகள் இரண்டும் மங்கிச் சிவந்து, சாம்பலுக்குள் கங்கு கிடப்பதுபோல ஒரு கணம் நின்று, அணைந்துபோயின. எஞ்சின் இருமியது. வண்டி அப்படியே உருண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றது. கல்யாண மாலை கழுத்தை அறுக்க, நான் பின் சீட்டில் இடது ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு அடுத்து நாத்தனார் பெருமாயி. அவளுக்கு அந்தப் பக்கம் மாமியார் ஒச்சம்மாள். முன்னால் மாமனார். வண்டியை ஓட்டி வந்தவர் அன்று காலையில் எனக்குத் தாலி கட்டியவர். அவர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. எழுதுவதில் குற்றமில்லை என்று நினைக்கிறேன்: பொன்னழகு.

எல்லோரும் இறங்கினோம். அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எஞ்சின் மூடியைத் திறந்து, டார்ச் லைட்டை வாயில் கவ்வியபடி உள்ளே குனிந்தார். பெரிதாக ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. கைப்பிடியைப் போட்டுச் சுற்றியதும் எஞ்சின் ஓடியது, விளக்கு பளிச்சென்று எரிந்தது. "சரியாப் போச்சு, ஏறுங்க" என்றார். ஏறினோம். அடுத்த வளைவுக்குள் மறுபடியும் அதே கதை. இறங்கினால் எரிகிறது, ஏறினால் அணைகிறது. ரப்பர் தீய்வது மாதிரி லேசாக ஒரு வாடை வேறு. கடைசியில் மாமியார், "பொம்பளைக நாங்க மாட்டுவண்டியில வாரோம். நீங்க இதையத் தள்ளிக்கிட்டு வந்து சேருங்க" என்று சொல்லி, வத்தலக்குண்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வண்டியைக் கை காட்டி நிறுத்தினார்.

வைக்கோல் பரப்பிய அந்த வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்தோம். தை மாதத்துப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. எங்கள் கார்தான். உள்ளே ஆண்கள் இருவர் மட்டும். ஒரு இருமல் இல்லை, ஒரு திக்கல் இல்லை. எங்கே நிறுத்தினால் மறுபடி படுத்துக்கொள்ளுமோ என்று பயந்தவர்போல, மாப்பிள்ளை கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டார். பெருமாயி விழுந்து விழுந்து சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. போகிற காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அது ஐம்பத்தெட்டாம் வருடம். ரெட்டியார்சத்திரத்தை ஒட்டிய எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. ஊரில் பல்பு என்று எரிந்தது இந்தக் கார் ஒன்றில்தான். யுத்தத்துக்கு முந்திய சீமைக் கார். சிறுமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது விட்டுப்போனது. இரண்டு மூன்று கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. என் வீட்டுக்காரர் அதற்கு முன் திண்டுக்கல்லில் ஒரு லாரி செட்டில் வேலை பார்த்தவர். காரை வாங்கியதே காய்கறி கொண்டுபோகத்தான். கல்யாணத்துக்காகப் பின் சீட்டை மாட்டியிருந்தார்கள். மறுநாளே அதைக் கழற்றித் தொழுவத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் கத்திரிக்காய்ச் சாக்கும் தக்காளிக் கூடையுமாக அடுக்கினார். விடியும் முன்னே கிளம்பி, இருட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போவார். வெயிலேறத் திரும்பி வருவார். ஒருநாள்கூட விளக்கு அணைந்ததில்லை.

பங்குனியில் குடும்பத்தோடு தாடிக்கொம்பு கோயிலுக்குப் போனோம். பின் சீட்டைத் திரும்ப மாட்டினார்கள். போகும்போது பகல், ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கைப் போட்டதும் முன்னே ஒரு வெளிச்சம் விழுந்தது, மங்கியது, போயிற்று. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெருமாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் எதுவும் பேசவில்லை. அந்தப் பேசாமை எனக்கு வசவைவிட மோசமாக இருந்தது.

என் மாமியார் கெட்டவர் இல்லை. இதை நான் இப்போது வயதானபிறகு சொல்லவில்லை, அப்போதே தெரியும். காலையில் எல்லோருக்கும் முந்தி எழுந்து மாட்டைக் கவனிப்பவர். சோறு போடும்போது எனக்கு முதலில் தயிரை ஊற்றிவிட்டுத்தான் மகளுக்கு ஊற்றுவார். ஆனால் அவருக்குப் பயம் வந்துவிட்டது. பெருமாயிக்கு நெய்க்காரப்பட்டியில் ஒரு இடம் கூடி வந்துகொண்டிருந்தது. நல்ல இடம், தென்னந்தோப்புக்காரர்கள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் ஒரு சொல் நுழைந்துவிட்டது. ஒருநாள் நான் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டே அடுத்த வீட்டு மாயக்காளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "புள்ள தங்கமான புள்ள, மாயக்கா. வேலைக்கு அஞ்சாது, எதுத்துப் பேசாது. ராசிதான்..." அதற்குமேல் சொல்லவில்லை. மாயக்காள் 'ப்ச்' என்றாள். நான் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அதை யாரிடம் சொல்வது? அந்தக் காலத்து வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் பகலில் நின்று பேச முடியாது. இரவில் அவர் மூன்றாம் சாமத்துக்கே எழுந்து மார்க்கெட்டுக்குப் போக வேண்டும், படுத்ததும் தூங்கிவிடுவார். தாலி கட்டி இரண்டு மாதம் ஆகியும், அவருக்கு என்ன பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் பேச்சை எல்லாம் மாமனாரோடும் மாட்டோடும் பேசும்போது கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வண்டியைச் சும்மா விடக்கூடாது என்று அவர் ஒருநாள் திண்டுக்கல்லில் ஸ்தனிஸ்லாஸிடம் கொண்டுபோனார். பேட்டரிக் கடை வைத்திருந்தவர். பேட்டரியைப் பார்த்தார், டைனமோவைப் பார்த்தார், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. "வண்டி என் முன்னால ஒழுங்குப் புள்ளையா நிக்கிதுப்பா. தப்புப் பண்ணும்போது கையும் களவுமாப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வா, அப்பப் பாப்போம்" என்று சிரித்து அனுப்பிவிட்டாராம். ஒரு சின்னப் பல்பில் இரண்டு ஒயர் நீட்டி, எங்கே கரண்ட் வருகிறது, எங்கே வரவில்லை என்று தொட்டுப் பார்க்க ஒன்று செய்து கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு இவரே தேட ஆரம்பித்தார். மார்க்கெட்டிலிருந்து வந்து, கஞ்சியைக் குடித்துவிட்டு, மத்தியான வெயிலில் கொல்லைக்குப் பின்னாலிருந்த தொழுவத்துக்குப் போய்விடுவார். மாடுகள் காட்டில் இருக்கும். காரை உள்ளே ஏற்றி நிறுத்தினால், ஓலைக் கூரையின் கீழே விளக்கு எரிவது தெரிகிற அளவுக்கு இருட்டாக இருக்கும்.

அப்படி ஒருநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வீட்ல யாரும் இருக்கீங்களா? செத்த நேரம் வந்து இந்த சுச்சைப் போடணும்."

யாரும் இல்லை. மாமியாரும் பெருமாயியும் தக்காளி பறிக்கப் போயிருந்தார்கள், மாமனார் கிணற்றடியில். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். நான் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் என்னை உட்கார வைத்தார். ஒரு குமிழைக் காட்டி, "நான் சொல்றப்ப இதைய இழு. சொல்றப்ப உள்ள தள்ளு" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் போய் மண்டியிட்டு, எஞ்சினுக்குள் தலையை விட்டார்; சுவரில் வெளிச்சம் விழுகிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். மூடி திறந்திருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் எங்களால் பேச முடிந்தது என்று தோன்றுகிறது.

"எரியுதா?"

"எரியுது."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"எரியுதுங்க."

முதல் நாள் இவ்வளவுதான். மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாள் கூப்பிடும் முன்பே நான் பின்வாசலில் நின்றேன். பார்த்து முடித்த இடத்திலெல்லாம் ஒரு சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். நடுநடுவே கேட்பார்: உங்க ஊர்க் கண்மாயில மீனு உண்டா? உங்க அய்யா ஏன் அன்னைக்கு அம்புட்டு அழுதாரு? ஒனக்கு இனிப்பு ஆகுமா, காரம் ஆகுமா? நானும் கேட்க ஆரம்பித்தேன். லாரி செட்டில் இருந்தபோது மைசூர்வரை போனதையும், கொள்ளேகாலத்தில் யானை வழிமறித்து விடியவிடிய லாரிக்குள்ளேயே கிடந்ததையும் சொன்னார். யானை போனபிறகு டிரைவர் இறங்கி அது நின்ற இடத்தைத் தொட்டுக் கும்பிட்டானாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வண்டிக்கு முன்னால் சத்தம் நின்றது. மூடிக்கு ஓரமாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். நான் சிரித்து அதுவரை அவர் கேட்டதில்லை.

கரண்ட் எப்படி ஓடுகிறது என்று ஒருநாள் கேட்டேன். கிணறு போல ஒன்றில் ஊறிக்கொண்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். "பேட்டரியிலருந்து கெளம்பும். வெளக்குக்குப் போகும். போன வழி முடிஞ்சாத் திரும்ப பேட்டரிக்கே வரணும். வராட்டி எரியாது" என்றார். "அப்ப ரெண்டு ஒயர் வேணும்ல? இங்க ஒண்ணுதான இருக்கு?" என்றேன். அவர் எழுந்து மூடிக்கு இந்தப் பக்கம் வந்தார். பிறகு, "போறதுக்குத்தான் ஒயரு. திரும்பி வர்றதுக்கு வண்டியோட இரும்பே போதும்" என்று சொல்லி, காரின் மட்கார்டைத் தட்டிக் காட்டினார். அந்த ஒரு ஒயர் வழியில் எங்கேயாவது தோல் உரிந்து இரும்பில் பட்டால், விளக்குக்குப் போகாமல் கரண்ட் பாதியிலேயே திரும்பிவிடுமாம். அந்த இடத்தைத்தான் தேடுகிறாராம்.

"அப்ப நான் ஏறுனா மட்டும் ஏன் ஒரசுது?" என்று கேட்டுவிட்டேன்.

வேண்டுமென்று கேட்கவில்லை. மனசுக்குள் உருண்டுகொண்டே இருந்தது வாயில் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்தார். "நீ ஏறுனா மட்டும்..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நின்றார். அவர் பார்வை என்னைத் தாண்டிச் சுவர்ப்பக்கம் போயிற்று. அப்புறம், "வெயிலு எறங்குது. ஆத்தா வந்துரும், நீ போ" என்றார்.

அடுத்த நாளும் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும். சித்திரை பிறந்தது. முன்விளக்கைக் கழற்றினார், மாட்டினார். ஹார்னைக் கழற்றினார். எனக்கு வழிகள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டன. எந்த ஒயர் சிவப்பு, எது எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வெளியே அனல் காற்று அடிக்கும். உள்ளே சாணி வாடை, பெட்ரோல் வாடை, அவருடைய வியர்வை வாடை. அந்த வாடை மூன்றும் சேர்ந்து இப்போதும் எப்போதாவது கனவில் வருகிறது.

வைகாசியில் பெருமாயிக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். அதற்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை நெய்க்காரப்பட்டிக்கு நாங்கள் எல்லோரும் போய் இடத்தையும் பார்த்து, பேச்சையும் முடித்து வருவதாக ஏற்பாடு. மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. "நீ வீட்டைப் பாத்துக்கத்தா. மாடு கன்னுக்கு ஆளு வேணும்ல" என்று தலையைத் தடவிச் சொன்னார். நான் தலையாட்டினேன். அன்று சாயங்காலமே மாயக்காளிடம், "ஆடிக்கு அவ ஆத்தா வீட்டுக்குப் போறப்ப கொஞ்ச நாள் கூடவே இருந்துட்டு வரட்டும். இங்க ஒரு நல்ல காரியம் முடியட்டும்" என்று சொல்வதும் காதில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிக் கொஞ்ச நாள் இருக்கப் போய், அங்கேயே இருந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் பெட்டைக்கோழியைக் காணவில்லை என்று தேடினேன். தொழுவத்தில், சுவரில் சாய்த்திருந்த கார் சீட்டுக்குப் பின்னால் இருந்து கொக்கரித்தது. அந்த இடுக்கில் வைக்கோலைக் குழித்து ஒரு கூடு பண்ணி முட்டையிட்டு வந்திருக்கிறது. பங்குனிக் கடைசியிலிருந்து காணாமல் போன முட்டையெல்லாம் அங்கேதான் இருந்தன. சீட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக் கையை விட்டேன். சீட்டின் அடிப்பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. துருப்பிடித்த சுருள் கம்பிகள். ஓரத்துச் சுருள் ஒன்று விட்டுப்போய்க் கீழே தொங்கியது. அதன் முனை மட்டும் கருகி, நடுவே செம்பு மாதிரி மின்னியது. அதைச் சுற்றி ஒரு வட்டம், சாக்கட்டியால் போட்டது. வட்டத்தின் மேலே கோழி எச்சம் விழுந்து, காய்ந்து, வெடித்திருந்தது.

மார்க்கெட்டுக்குப் போன கார் வந்ததும் உள்ளே ஏறிச் சாக்கை விலக்கிப் பார்த்தேன். நான் உட்கார்ந்த அதே இடது ஓரத்தில், தரையோடு தரையாகப் பின்விளக்குக்குப் போகிற ஒயர். ஒரு விரல்கட்டை நீளத்துக்குத் தோல் இல்லை. அதைச் சுற்றியும் ஒரு வட்டம்.

மத்தியானம் அவர் கூப்பிட்டார். போனேன். சுச்சைத் தொடவில்லை. சீட்டைப் புரட்டிப் போட்டேன்.

"இதைய எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் கையிலிருந்த பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது சிவந்துவிட்டது. "நீ கேட்டேல்ல, நான் ஏறுனா மட்டும் ஏன்னு. அன்னைக்கு நீ போனதும் சீட்டைத் திருப்பிப் பாத்தேன்."

"பெறகு இத்தன நாளா என்னத்தத் தேடுனீங்க?"

பல்பை மட்கார்டின்மேல் வைத்தார். மாட்டுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "சரியாப் போச்சுன்னா நீ அடுப்படிக்குப் போயிருவல்ல."

எனக்கு அதைக் கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது, உண்மைதான். அப்படி ஒரு வார்த்தையை அதன்பிறகு அவர் சொன்னதும் இல்லை. ஆனால் நிறைந்த வேகத்திலேயே அழுகையும் வந்துவிட்டது. "அடுப்படிக்குப் போறதுதான் ஒங்களுக்குத் தெரியும். அடுப்படிக்குள்ள என்ன பேச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். மாட்டுவண்டியில் மாமியார் பார்த்த பார்வையிலிருந்து ஆரம்பித்தேன். ராசி. தாடிக்கொம்பு. நெய்க்காரப்பட்டிக்கு நான் வரவேண்டாம் என்றது. ஆடி மாதம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் அப்படியே வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரே வீட்டுக்குள், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, அவருக்கு ஒரு சொல்கூடத் தெரிந்திருக்கவில்லை. ஆண்களுக்கு அந்தப் பேச்சு எட்டுவதில்லை.

"ஏண்டி ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லல?"

"எப்பச் சொல்ல? எரியுதான்னு கேப்பீங்க, எரியுதுன்னு சொல்லுவேன். அது முடிஞ்சா யானைக் கதை."

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது. "போகட்டும். இப்பவே சுத்திச் சரி பண்ணிருங்க. வண்டி ஓடுனாப் பேச்சு தன்னால நிக்கும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "சரி பண்ணிட்டா, ஆத்தா, தான் மாரியம்மனுக்கு வேண்டுனது பலிச்சிருச்சுன்னு சொல்லும். அடுத்து மாடு நோவுல படுத்தாலும் ஒம் பேருதான் வரும். அது தன் கண்ணால பாக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

எனக்குச் சம்மதமில்லை. பெற்றவளை நாலு பேர் முன்னால் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. அவர் கேட்கவில்லை. பொழுது மசங்கும்போது காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். சீட்டை மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டு விளக்கைப் போட்டதும், வழக்கம்போலத் தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மாயக்காளும் வந்து நின்றாள். மாமனார் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த மாமியாரை இவர் கூப்பிட்டார்.

"ஆத்தா, செத்த நேரம் வண்டியில ஏறி உக்காரு."

"எங்கடா இந்நேரத்துல?"

"எங்கயும் இல்ல. சும்மா உக்காரு. அந்த ஓரம் இல்ல, இந்த ஓரம்."

மாமியாருக்குக் கனத்த உடம்பு. முக்கிக்கொண்டு ஏறி, இடது ஓரத்தில், நான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். வாசல் முழுக்க விழுந்திருந்த வெளிச்சம் சிவந்து, சுருங்கி, அணைந்தது. எஞ்சின் இருமியது. இருட்டுக்குள்ளிருந்து மாமனார் குரல் மட்டும் கேட்டது. "ஒச்சம்மா, நீ உக்காந்தாலும்ல அணையுது!"

"எந்திரி, ஆத்தா" என்றார் இவர்.

எழுந்தார். வெளிச்சம் வந்தது. யாரும் சொல்லாமலே தானாக மறுபடி உட்கார்ந்தார். போயிற்று. எழுந்தார், வந்தது. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கால் கழுவின ஈரம் காயாமல், அந்த மனுசி எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தார். எனக்குப் பார்க்க முடியவில்லை. நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் எழுந்த நிலையிலேயே குனிந்து நின்று, "அம்புட்டுத்தானா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

இவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, அரிக்கேன் விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். சீட்டை வெளியே எடுத்துப் புரட்டிக் காட்டினார். கம்பி தொங்குவதையும், அதன் நேர் கீழே ஒயர் தோல் உரிந்து கிடப்பதையும், ஆள் உட்கார்ந்தால் ஒன்றில் ஒன்று படுவதையும் காட்டினார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தடித்த கம்பியைச் சுற்றிவைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் முதல் நாளே ஃபியூஸ் எரிந்து காட்டிக்கொடுத்திருக்கும் என்றார். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு நிமிராமலே கேட்டார்:

"இதைய எப்படா பாத்த?"

இவர் என் பக்கம் பார்த்தார். மத்தியானம் நான் கேட்ட அதே கேள்வி. அவர் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது.

"இன்னைக்கு மத்தியானந்தான் அத்தை" என்றேன்.

மாமியார் விளக்கை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். சாக்கட்டி வட்டத்தின் மேலே காய்ந்திருந்த கோழி எச்சத்தை விரல் நகத்தால் சுரண்டினார். அது பொடியாக உதிர்ந்தது; எத்தனையோ நாளைக்கு முந்திக் காய்ந்தது. "மத்தியானமா?" என்று சொல்லி மகனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் உதட்டோரம் என்னவோ அசைந்தது. விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று இரவு சோறு போடும்போது என்னிடம் ஒன்றும் பேசவில்லை. தயிரை ஊற்றிவிட்டு, மகளைப் பார்த்து, "வெள்ளிக்கிழமைக்கு மதினிக்கும் சேத்துப் பூவு சொல்லி வையி" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் சாகும்வரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

மறுநாள் ஒயரை நகர்த்தி, டேப் சுற்றி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிப் போர்த்தி, புது ஃபியூஸ் போட்டார். ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. அத்தோடு மத்தியானங்கள் முடிந்துபோயின. அவர் வந்து கஞ்சி குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் படுத்துக்கொள்வார். நான் பாத்திரம் விளக்கும்போது தொழுவத்துப் பக்கம் பார்ப்பேன்; கார் அங்கே நிற்கும், கோழி மேய்ந்துகொண்டிருக்கும். அப்புறம் எத்தனையோ வருசம் அவரோடு வாழ்ந்தேன். பிள்ளைகள், வெள்ளாமை, வைத்தியம், சண்டை என்று பேசாத நாள் கிடையாது. அறுபதுகளில் ஊருக்குக் கரண்ட் வந்தது, கார் போய் லாரி வந்தது. அவரும் இப்போது இல்லை. ஆனால் ஒன்றுக்கும் ஆகாத பேச்சை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் அப்படி உட்கார்ந்து பேசியது அந்தக் கோடையோடு சரி.

வெள்ளிக்கிழமை நெய்க்காரப்பட்டியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் வாசல்வரை வந்து, "ஏனுங்க, இருட்டிப் போயிருமுங்களே, இருந்து காலையில போலாமுங்க" என்றார். என் மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்க வண்டியில வெளிச்சம் நல்லா இருக்கும்த்தா" என்றார்.

காருக்குப் பக்கத்தில் வந்ததும் நான் வழக்கம்போல இடது பக்கக் கதவுக்குப் போனேன். மாமியார் என் தோளைப் பிடித்து நகர்த்தினார். "நீ உள்ள தள்ளி நடுவுல உக்காரு" என்று சொல்லி, நாங்கள் ஏறியபிறகு அவர் ஏறி அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். என்னை அந்த இடத்தில் உட்கார வைக்க இன்னும் மனசு வரவில்லையா, இல்லை வேறு ஏதாவது நினைத்தாரா, தெரியாது. கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வழியில் இருட்டியதும் இவர் விளக்கைப் போட்டார். எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் சாலையில் நீளமாக விழுந்து, அசையாமல், எங்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் ஓரத்து வயலில் கிடை போட ஆடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள் போல. மந்தை முழுவதும் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. இவர் வண்டியை நிறுத்தினார். ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பின. இருட்டுக்குள் உடம்பு தெரியவில்லை, கண்கள் மட்டும் பச்சைப் பச்சையாக நூற்றுக்கணக்கில் எரிந்தன. கிடைக்காரர் ஒருவர் நெற்றிக்கு மேலே கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, வண்டிக்குள் இருப்பது யார் என்று பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.